மிஷின் மறுத்தால் யார் பொறுப்பு? முதியோர் பராமரிப்பில் கேட்கப்படாத கேள்வி

"கைய நல்லா தொடச்சிட்டு வைங்க ஆயா."

"இன்னொரு வாட்டி வைங்க."

"இந்த விரல் வேணாம், அந்தக் கை."

ரேஷன் கடையில் வயதானவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற எவருக்கும் இந்த வாக்கியங்கள் மனப்பாடம். இவற்றுக்குப் பிறகு வரும் நான்காவது வாக்கியம்தான் கவலை தருவது: "மிஷின் எடுக்கல. நாளைக்கு வாங்க."

அந்த நான்காவது வாக்கியத்தைச் சொல்வது உண்மையில் யார்? விற்பனையாளர் கேட்டால், "நான் என்ன பண்றது, மிஷின் எடுக்கல" என்பார். மிஷினை வாங்கிக் கொடுத்த துறை கேட்டால், "யாருக்கும் மறுக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே" என்று சொல்லும். மிஷின் எதுவும் சொல்லாது. பையை மடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் அந்த ஆயாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று ஒருவரும் இல்லை.

முதியோர் பராமரிப்பில் தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்துவிட்டது. கருவிகள் வந்துவிட்டன. அவற்றை யார் கட்டுப்படுத்துவது, அவை தவறினால் யார் பொறுப்பேற்பது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. 'தொழில்நுட்ப ஆளுகை' என்ற கனமான சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

கையால் உழைத்தவர்களின் ஊர்

வடசென்னையில் திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே நெசவாளர்களால்தான். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், துணி நெய்பவர்களை இங்கே குடியமர்த்தினார். 'காலெட்பேட்டை' மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது.

தறி போன பிறகும் இந்தப் பகுதியில் கையால் உழைப்பது நிற்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், காசிமேட்டில் ஐஸிலும் உப்பிலும் கைவைத்து மீன் வெட்டிய பெண்கள், வலை இழுத்தவர்கள், எண்ணூர் வரை நீண்ட தொழிற்சாலைகளில் இரும்போடும் ரசாயனத்தோடும் நாள் கழித்தவர்கள் என்று ஒரு தலைமுறையே இங்கே முதுமை அடைந்திருக்கிறது.

இவர்களுடைய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கிறது. வயதானால் தோல் வறண்டு மெலிவது இயல்பு. அதோடு நாற்பது ஆண்டு உழைப்பும் சேர்ந்தால் ரேகை மங்கிவிடும். அதாவது அதிகம் உழைத்த கையைத்தான் மிஷின் முதலில் அடையாளம் தெரியாது என்கிறது. கருவியை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே செய்ததல்ல. ஆனால், வடசென்னை போன்ற ஒரு பகுதிக்கு அதை அனுப்பும் முன் யாராவது இதை யோசித்திருக்க வேண்டும்.

ஒரே வாசலுக்கு வரும் மூன்று கருவிகள்

இன்று இந்தப் பகுதியில் ஒரு முதியவரைச் சுற்றி குறைந்தது மூன்று விதமான கருவிகள் இருக்கின்றன.

முதலாவது, ரேஷன் பிஓஎஸ் கருவி. தமிழக அரசு 2025 ஆகஸ்ட் 12 அன்று 'தாயுமானவர்' திட்டத்தைத் தொடங்கியது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்களை வீட்டு வாசலிலேயே கொடுக்கும் திட்டம் அது. கடைக்குப் போய் நிற்க வேண்டிய சிரமம் இதனால் குறையும். ஆனால் வண்டியோடு எடைத் தராசும் வருகிறது, பிஓஎஸ் கருவியும் வருகிறது. வாசலுக்கு வந்துவிட்டதாலேயே கைரேகைப் பிரச்சினை தீர்ந்துவிடாது.

இரண்டாவது, சுகாதாரத் தன்னார்வலரின் செல்போன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை, இயன்முறை மருத்துவம் எல்லாம் வீட்டுக்கே வருகின்றன. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, எப்போது பார்த்தார்கள் என்பதெல்லாம் செயலியில் பதிவாகின்றன.

மூன்றாவது, முதியோர் இல்லங்களில் இருக்கும் சிசிடிவி கேமராவும் வாட்ஸ்அப் குழுவும். அரசு இல்லமோ, அறக்கட்டளை நடத்துவதோ, கட்டணம் வாங்குவதோ, பெரும்பாலும் இவை இல்லாத இல்லம் இல்லை.

இந்த மூன்றும் நல்லதுக்கு வந்தவைதான். ரேஷன் கடையில் வேறொருவர் பெயரில் பொருள் போவதை மிஷின் தடுக்கிறது. ஒரு சர்க்கரை நோயாளி இரண்டு மாதமாக மாத்திரை வாங்கவில்லை என்பதை செயலி காட்டிக்கொடுக்கும். இல்லத்தில் ஒரு முதியவரை யாராவது கை ஓங்கினால் கேமரா சாட்சி. இவற்றை எடுத்துவிடச் சொல்வது நியாயமல்ல. நல்ல கருவிக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பதுதான் வாதம்.

உத்தரவு இருக்கிறது; வாசல்வரை வரவில்லை

கைரேகை விழவில்லை என்பதற்காக யாருக்கும் சலுகையை மறுக்கக் கூடாது, மாற்று வழியில் அடையாளம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நலத்திட்டங்களுக்கு ஆதாரைப் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதே நேரத்தில், சரிபார்ப்பு தோற்றதால் உரியவருக்கு உதவி நின்றுபோகக் கூடாது என்பதையும் வலியுறுத்தியது.

மாற்று வழிகளும் இருக்கின்றன. செல்போனுக்கு வரும் ஓடிபி ஒன்று. கடைக்கு வர முடியாதவர் தன் சார்பில் வேறொருவரை நியமிக்கும் படிவம் இன்னொன்று. ஆனால் அந்த ஓடிபி யார் போனுக்குப் போகிறது? அட்டையில் இருப்பது பெரும்பாலும் மகன் நம்பர். மகன் ஒரகடத்தில் ஷிஃப்டில் இருப்பார், அல்லது ஷார்ஜாவில் இருப்பார். "ஆயா, உங்க பையனுக்கு ஒரு போன் போடுங்க" என்ற வரியோடு அந்த மாற்று வழியும் அடைபட்டுவிடும்.

எனவே சட்டத்தில் ஓட்டை இல்லை. உத்தரவுக்கும் வாசலுக்கும் நடுவில்தான் ஓட்டை. மிஷின் தோற்றால் அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் வாசலில் நிற்கும் ஊழியருக்கு இல்லை. அவராக எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்குக் கணக்கு இடித்து, மெமோ அவருக்குத்தான் வரும். அதனால் அவர் பாதுகாப்பான வார்த்தையைச் சொல்கிறார்: "நாளைக்கு வாங்க."

கரண்ட் போனால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை பல நாள் தண்ணீரில் நின்றது. மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வீடுகளுக்குள் புகுந்தது. அந்த நாட்களில் ஒரு முதியவருக்கு எந்த மாத்திரை, எத்தனை வேளை, இன்சுலின் எவ்வளவு என்ற விவரம் செயலியில் மட்டுமே இருந்திருந்தால், அது இருந்தும் இல்லாததுதான்.

புயல் இல்லாமலும் இது நடக்கும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி முடங்கின. நாட்டின் முன்னணி மருத்துவமனைகளில் ஒன்று ஏறக்குறைய இரண்டு வாரம் பேனா, பேப்பரில் ஓடியது. எய்ம்ஸுக்கு எழுதுவதற்கு ஆளாவது இருந்தது. இரவில் ஒரே ஒரு பராமரிப்பாளர் இருக்கும் ஒரு சின்ன முதியோர் இல்லத்தில் கணினி முடங்கினால், இருபது பேரின் மருந்துப் பட்டியல் யார் நினைவில் இருக்கும்?

கட்டிலருகே ஒரு அட்டை. அதில் பெயர், நோய், மருந்து, ஒவ்வாமை, அழைக்க வேண்டிய நம்பர். பத்து ரூபாய்கூட ஆகாத இந்த ஏற்பாடும் தொழில்நுட்ப ஆளுகையில் சேர்த்திதான்.

கத்திக்கொண்டே இருந்த கேமரா

பணமும் ஆளும் இருக்கும் நாட்டில் இந்தச் சிக்கல் வராது என்று நினைத்தால் அதுவும் தவறு. தெற்கு ஆஸ்திரேலியாவில் அரசு நடத்தும் இரண்டு முதியோர் பராமரிப்பு நிலையங்களில், கீழே விழுவது, அலறுவது போன்றவற்றைத் தானாகக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை ஓராண்டு சோதித்தார்கள். 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் வந்தன. பெரும்பாலானவை உண்மையில்லை. ஊழியர் குனிந்தாலும் எச்சரிக்கை, முதியவர் உட்கார்ந்தாலும் எச்சரிக்கை என்றால் என்ன ஆகும்? ஊழியர்கள் சலித்துப் போனார்கள். ஒருவர் உண்மையிலேயே விழுந்தபோது அந்த எச்சரிக்கை கவனிக்கப்படாமல் போனது என்று 2022-ல் வெளியான ஆய்வறிக்கை சொன்னது.

'புலி வருது' கதை நமக்குத் தெரிந்ததுதான். இங்கே கத்தியது சிறுவன் இல்லை, கேமரா. கருவியை வாங்குவதோடு வேலை முடிவதில்லை. அது எத்தனை முறை தவறாகச் சொன்னது என்று கணக்கு வைத்து, தேவைப்பட்டால் நிறுத்தும் அதிகாரம் யாரிடமாவது இருக்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் அதைச் சோதனையாக நடத்தி, தோல்வியையும் வெளியே சொன்னார்கள். அந்த அளவில் அது நல்ல முன்னுதாரணம்.

தமிழகத்திலும் காகிதத்தில் இந்தத் தெளிவு இருக்கிறது. 2020-ல் வெளியான மாநிலத்தின் 'பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை', அரசு இப்படியொரு மென்பொருளை மக்களிடம் கொண்டுபோகும் முன் அதற்கு மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது. அந்த யோசனை ஒரு வார்டு அளவிலான பராமரிப்பு மையத்துக்கும் இறங்கி வர வேண்டும்.

பிறந்தநாள் போட்டோவில் இருக்கும் பாட்டி

பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் சாப்பாடு போடுவது நம் ஊரில் நல்ல பழக்கம். அங்கே எடுத்த போட்டோ அன்று மாலையே பேஸ்புக்கில் இருக்கும். இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் முகங்களில் ஒன்று, பிள்ளைகளோடு மனக்கசப்பில் வந்து சேர்ந்த ஒரு பாட்டியின் முகமாக இருக்கலாம். தான் எங்கே இருக்கிறோம் என்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டாலும், சாப்பாடு போட்டவர்களிடம் "வேணாம்" என்று எப்படிச் சொல்வார்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வரும். டிஜிட்டலாகத் தகவல் சேகரிக்கும் அறக்கட்டளைக்கும் முதியோர் இல்லத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். என்ன தகவல், எதற்காக என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் எதிலும் பெறும் வசதி வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது போலவே எளிதாக இருக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

சட்டத்தால் எல்லாம் தீராது. அரசு உதவி வழங்குவதற்காகத் தகவலைப் பயன்படுத்தும்போது பல நேரங்களில் தனியாகச் சம்மதம் தேவையில்லை என்று இதே சட்டம் சொல்கிறது. அதனால் ரேஷன் மிஷின் முன்னால் சம்மதம் பெரிதாக உதவாது. மறதி நோய் உள்ளவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். மாற்றுத்திறனாளிக்குச் சட்டப்படியான காப்பாளர் இருந்தால் அவரிடம் சம்மதம் வாங்கலாம். நம் வீடுகளில் மறதி நோய் வந்த அப்பாவுக்கு யாரும் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் ஆவதில்லை. மூத்த மகன் சொல்வதே சட்டம். மகன் சொன்னார் என்பதற்காக அப்பாவின் படுக்கை அறையில் கேமரா வைக்கலாமா என்ற கேள்விக்கு, இல்லம் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்க வேண்டும்.

தகவல் கசிவது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021-ல் தமிழகப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாக ஒரு தனியார் சைபர் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. "பேங்க்லருந்து பேசறோம் சார்" என்று பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்லிப் பேசுபவனை ஒரு எழுபது வயதுக்காரர் நம்பிவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

"எங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?"

சின்ன அமைப்புகள் இப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. சமையல்காரர் வராத நாளில் நிர்வாகியே சாம்பார் வைக்கும் இல்லங்களும் இருக்கின்றன. ஆனால் இதற்குத் தனி அதிகாரியோ, ஆலோசனை நிறுவனமோ தேவையில்லை. ஒரு நோட்டும் ஐந்து முடிவுகளும் போதும்.

1. ஒவ்வொரு கருவிக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர். "கம்பெனிக்காரங்களக் கேக்கணும்" என்பது பதிலாகாது. அவர் பெயரும் நம்பரும் முதியவர்கள் பார்க்கும் உயரத்தில், பெரிய எழுத்தில் சுவரில் இருக்க வேண்டும்.

2. கருவி தோற்றால் அடுத்த வழி என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வழியில் போக வாசலில் நிற்கும் ஊழியருக்கே அதிகாரம் வேண்டும். அப்படிச் செய்ததற்காக அவர் மீது நடவடிக்கை வராது என்ற உறுதியும் வேண்டும்.

3. சம்மதத்தைப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்க வேண்டும். "வேணாம்" என்று சொன்னவருக்குச் சாப்பாட்டிலோ கவனிப்பிலோ எந்தக் குறையும் வரக் கூடாது. கழிப்பறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா கூடாது என்பதில் சம்மதத்துக்கே இடமில்லை.

4. யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கு வரம்பு. சமையல்காரருக்கு யாருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் போதும், யாருக்கு என்ன மனநல மாத்திரை என்று தெரிய வேண்டியதில்லை. வேலையை விட்டுப் போனவரின் பெயரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து அன்றே எடுக்க வேண்டும். முதியவர் இறந்துபோனாலோ இல்லத்தை விட்டுப் போனாலோ, தேவை முடிந்த தகவலை அழித்துவிட வேண்டும்.

5. மென்பொருள் கொடுக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போதே, விலகும் நாளில் எல்லாத் தகவலையும் படிக்கக்கூடிய வடிவில் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும்.

எண்ணப்படாதவர்கள்

இந்த ஐந்தும் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்கு போதும். மறுக்கப்பட்டவர்கள் கணக்கு.

இன்றைய கணினித் திரைகள் எல்லாம் கொடுத்ததைத்தான் எண்ணுகின்றன. இத்தனை பேருக்கு ரேஷன், இத்தனை பேருக்கு மாத்திரை, இத்தனை வீடுகளில் சோதனை. கைரேகை விழாமல் திரும்பியவர் அந்தத் திரையில் இல்லை. சிக்னல் கிடைக்காததால் பதிவாகாத வீடும் இல்லை. மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிவிட்டால் அவரும் 'கொடுக்கப்பட்டது' கணக்கில் சேர்ந்துவிடுவார். முட்டி வலியோடு இரண்டு முறை நடந்தது எங்கும் பதிவாகாது. வராமலே விட்டுவிட்டவர் அந்த மாதம் வாங்காதவர் ஆகிவிடுவார்.

2021 நிலவரப்படி தமிழக மக்கள் தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என மத்திய அரசின் அறிக்கை மதிப்பிட்டது. மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். 2031-ல் இது 18.2 சதவீதம் ஆகும் என்பது கணிப்பு. கருவிகள் இன்னும் அதிகமாக வரும். வரட்டும். ஆனால் ஒவ்வொரு ரேஷன் கடையும், ஒவ்வொரு வார்டு சுகாதார மையமும், ஒவ்வொரு முதியோர் இல்லமும் ஒரு மறுப்புப் பதிவேடு வைக்கட்டும். தேதி, யாருக்கு, எதனால் மறுக்கப்பட்டது, பிறகு எப்படிக் கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தார் என்று ஐந்து பத்திகள் போதும். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் அதைக் கேட்கட்டும். பக்கம் காலியாக இருந்தால் பாராட்ட வேண்டாம். சுற்றியிருக்கும் பத்து வீடுகளுக்குப் போய், உண்மைதானா என்று கேட்கட்டும்.

"மிஷின் எடுக்கல" என்பது ஒரு தகவல்தான். அதற்குப் பிறகு வர வேண்டிய வாக்கியம் "நாளைக்கு வாங்க" அல்ல. "பரவாயில்ல ஆயா, நோட்ல எழுதிக்கறேன், வாங்கிட்டுப் போங்க" என்பதுதான். அதை ஓர் ஊழியர் பயமில்லாமல் சொல்ல முடிகிற நாளில்தான், கருவி அமைப்பின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நம்பலாம்.